ஆறடி ரெண்டங்குலம்

"பந்தைப் புடிக்கவே தெரியாதவன் டீமுல கீறான். அம்புரோஸ் வெளியில! இன்னா நியாயம்பா இது?"

அணியில் இருந்த கிருஷ்ணப்பனே கத்தினான். கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பட்டியலை கேப்டன் லியோனார்ட் அப்போதுதான் விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். வருஷம் 1933.

"ஒரு எடம்தான் பாக்கி. ஜெயவேல் ஆறடி ரெண்டங்குலம்," என்றான் லியோனார்ட். "பந்து புடிக்க ஒரு மாசத்துல பழக்கிடலாம். அம்புரோஸை ஒரு அடி வளர்த்துக் குடுப்பியா நீ?"

ஐந்தடி மூன்றங்குல அம்புரோஸ் சிரித்துவிட்டு நகர்ந்தான்.

"மூணு வருஷம் ஆடினவனை இப்படித் தூக்கிப் போட்டானே, கல்நெஞ்சுக்காரன்!" விடுதியே பேசியது. பாதிப் பேர் லியோனார்டோடு பேச்சை விட்டார்கள்.

விடிகாலையில் ராயபுரம் மைதானத்தில் பயிற்சி. கடலிலிருந்து பனி ஏறிவரும். மேலே போன பந்து கொஞ்ச நேரம் பனிக்குள் காணாமல் போகும். எங்கோ ஒரு கப்பல் ஊதும். புளியந்தோப்பு ஜெயவேல் தூக்கத்தில் நடப்பவன்போல அண்ணாந்து நிற்பான். பந்து தோளில் விழும், தலையில் விழும்.

"கையை விரி நைனா. அது தானா வரும்," என்பான் அம்புரோஸ். தினமும் வந்து பழக்கியது அவன்தான்.

இருபதாம் நாள், பனிக்குள்ளிருந்து இறங்கிய பந்து ஜெயவேலின் விரல்களில் நின்றது. அப்படியே உயர்த்திக் கூடைக்குள் விட்டான். சத்தமே இல்லை. நம்ப முடியாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தயம் நெருங்கியதால், வருஷா வருஷம் வழக்கம்போல, அன்று மதியம் முதல் ஆட்டக்காரர்கள் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும் என்றார் வார்டன். சாதியைச் சொல்லி இரண்டு வருஷமாகப் பின்கட்டில் தனியே உட்காரவைக்கப்பட்ட ஜெயவேல், தயங்கித் தயங்கி வந்து கிருஷ்ணப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"ரசம் இன்னும் ஊத்திக்கப்பா," என்றான் கிருஷ்ணப்பன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்புரோஸின் பக்கத்தில் லியோனார்ட் வந்தான்.

"உன் பேரை அடிச்சிட்டு அவன் பேரை எழுதச் சொன்னது நீதான்னு இப்பவாவது சொல்லட்டுமாடா? எல்லாரும் என்னைத் திட்டிகினு கீறாங்க."

"வேணாம் மாமு," என்றான் அம்புரோஸ். "தன் உயரத்துக்குக் கெடைச்ச எடம்னே அவன் நெனைச்சிகினு இருக்கட்டும்."