வெந்நீர் பிளாஸ்க்

சம்பத் தன் பேராசிரியரையே ஏமாற்றிய கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அவன் அவரைப் போலவே பேசிக் காட்டுவதைக் கேட்க வேண்டும்.

வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம். வருஷம் 1981. தொண்டையைச் செருமிக்கொண்டு மூக்கால் ஆரம்பித்தான் சம்பத்.

"எச்சிலும் கஞ்சியைத் தின்னும், பிள்ளைங்களா. ஆனா சூடு பட்டா அடங்கிடும். குடியாத்தம் தறிக்கொட்டாய் மண்ணுல நான் எடுத்த பாக்டீரியா இருக்கே, அதோட என்சைம் கொதிக்கிற தண்ணியிலயும் தின்னும். லுங்கியில ஏத்தின கஞ்சி ஒரே அலசுல போய்டும்."

அச்சு அசல் ஞானமுத்து சார். எப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் கமலவேணி இன்று சிரிக்கவில்லை. அவளும் சாரிடம் ஆராய்ச்சி செய்பவள்தான்.

"அந்த பாக்டீரியா இப்ப எங்க?" என்றாள்.

சார் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து, அதை வாராவாரம் புதுக் கஞ்சிக்கு மாற்றி வளர்ப்பது சம்பத்தின் பொறுப்பு. கல்லூரி விழாவில் குரல் மாற்றிப் பேசுகிற மும்முரத்தில் மறந்துபோனான். பூஞ்சை ஏறி எல்லாம் செத்துவிட்டது. திரும்ப மண்ணிலிருந்து பிரித்தெடுக்க மாசக்கணக்காகும். சாருக்கு அவ்வளவு நாள் இல்லை.

"கடைசியா ஒருதரம் அது வேலை செய்யறதைப் பாக்கணுமாம். சொல்லி அனுப்பியிருக்காரு. காட்டிட்டு வர்றேன்."

"எதைக் காட்டுவே?"

சம்பத் ஒரு சோதனைக்குழாயில் துப்பினான். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கினான்.

"சாகக் கிடக்கிறவர்கிட்டயும் உன் வித்தையா? நீ இன்னா மனுஷன் சம்பத்?"

அவன் கிளம்பிவிட்டான்.

சார் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜெயபுஷ்பம், கையில் பிளாஸ்க்.

சார் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே நுரை நின்றது. சம்பத்தின் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

ஜெயபுஷ்பம் பிளாஸ்க் மூடியைத் திருகினார்.

"வேணாம் புஷ்பம். மூடி வை."

காபி வேண்டாமாம் என்று நினைத்துக்கொண்டான் சம்பத்.

குழாயிலிருந்ததைக் கஞ்சித் தண்ணீரில் ஊற்றிக் காத்திருந்தான். பிறகு அயோடின் சொட்டு விட்டான். கஞ்சி மிச்சமிருந்தால் நீலமாகும். ஆகவில்லை.

"தின்னுடுச்சு சார்."

சார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வளர்த்திருக்கடா. இனிமே நீயே பாத்துக்குவே."

சிரிக்க வேண்டிய இடம் இதுதான். சம்பத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"நம்பிட்டாரு கமலா," என்றான், திரும்பி வந்து. "நிம்மதியாப் போவாரு."

அந்த வாரமே போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கலைந்த பிறகு ஜெயபுஷ்பம் அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி காலையிலேர்ந்து, 'பையன் கொண்டாரதைக் கொதிக்கிற தண்ணியில வச்சுப் பாத்தாத்தான் நெசமான்னு தெரியும், பிளாஸ்க்ல பிடிச்சு வை'ன்னு என்னை ஒரே பேஜார் பண்ணாரு. நீ வந்ததும் ஏம்ப்பா வேணாம்னுட்டாரு?"

சம்பத் வாயைத் திறந்தான்.

எந்தக் குரலும் வரவில்லை.