செய்ய மாட்டான்

மாலை வெயில் தொலைக்காட்சித் திரையின் பாதியை வெளிறச் செய்கிறது. நேர்மையான காவலனாகத் தொடங்கிக் கொலை வரைக்கும் வந்துவிட்ட அந்தத் தொடரின் நாயகன், காருக்குள் தூங்கும் நண்பனை நோக்கித் துப்பாக்கியை நீட்டியபடி அசையாமல் நிற்கிறான். நிறுத்தியது என் நாத்தனார். அவன் ஒவ்வொரு முறை தவறுவதற்கு முன்னும் படத்தை நிறுத்தி, செய்வானா மாட்டானா என்று பந்தயம் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். தோற்றவர் டீ போட வேண்டும். என் கணவர் எப்போதும் அவன் பக்கம்தான் என்பதால், இத்தனை மாதமும் அவர் கை டீதான் எங்களுக்கு. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இன்று காலை மருத்துவமனையிலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். சோபாவில், போர்வைக்குள் பாதி ஆளாகச் சாய்ந்திருக்கிறார்.

"செய்ய மாட்டான்," என்கிறார்.

"இன்னுமாண்ணா அவனுக்கு வக்காலத்து? சொந்த மாமனாரையே காட்டிக்கொடுத்தவன் அவன்."

"அது போன வாரம்."

"தோத்தா டீ யார் போடறதாம்?" கேட்டுவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

அவர் என்னைப் பார்க்கிறார். "நீ சொல்லு."

எப்போதும் 'செய்வான்' என்பவள் நான். மருந்தை மூடியில் ஊற்றி அவரிடம் நீட்டுகிறேன். "மாட்டான்," என்கிறேன். நாத்தனாரும் தலையைக் குனிந்துகொண்டு, "மாட்டான்," என்கிறாள்.

"அப்போ இன்னிக்கு டீ கிடையாது," என்று அவர் சிரிக்கிறார். ரிமோட்டை யாரும் எடுக்கவில்லை. வெயில் இறங்க இறங்கத் திரை தெளிகிறது.

அவர் இல்லாமல் மாதங்கள் ஆகிவிட்ட இந்த வீட்டில் இன்னும் அந்தக் காட்சிக்கு மேல் நாங்கள் பார்க்கவில்லை. அந்த நண்பன் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான்.