கிளட்ச் இல்லாத ஜானவாசம்

"சாந்தோம் மாதா மேல ஆணை சாமி! நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. சாயங்காலம் இந்த வண்டி மாப்பிள்ள ஊர்வலம் போவும்!"

மெக்கானிக் பவுல்சாமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். கையிலிருந்த கிரீஸ் சட்டையிலும் சிலுவையாகவே பதிந்தது.

"மாதாவை ஏன்யா வம்புக்கு இழுக்கறே?" என்று சீறினார் வக்கீல் ராமானுஜம். "முதல்ல எண்ணெய்ன்னே. அப்புறம் பட்டை தளர்ந்துடுத்துன்னே. இப்போ கியர்பாக்ஸோட குடலை உருவிச் சாக்குல பரப்பி வெச்சுண்டு, சாயங்காலம் போவும்கறியே!"

ராயப்பேட்டை ஷெட்டில் நின்ற அந்தத் திறந்த அமெரிக்கக் கார், ராமானுஜத்தின் பெண் கல்யாணத்துக்காக அவருடைய கட்சிக்காரரான ஒரு ஜமீன்தார் இரவல் கொடுத்தது. 1949-இல் மயிலாப்பூரில் அதைப் பார்த்தவர்கள் உண்டு, நம்பியவர்கள் இல்லை. கிளட்ச் என்று ஒரு மிதியே கிடையாது. வேகம் ஏற ஏறக் கியர் தானே மாறிக்கொள்ளும். கடற்கரைச் சாலையில் அது சீறினால், டிரைவரின் தொப்பி மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போதுதான் சில நாளாக எருமை மாதிரி எத்துகிறது.

"நான் இன்னா பண்றது? உள்ள ஆப்பம் அடுக்கின மாரி தகடு தகடா கீது. எண்ணெ ஓடறதுக்கு நூல் கணக்கா வாய்க்கா. உங்க ஜமீன்தாரு பீச்சு மணல்ல வண்டிய உட்டு ஆட்டம் காட்டிக்கினு இருந்தாரு. ஒரு பொடி மணல் உள்ள பூந்து வழிய அடைச்சிக்கிச்சு. அவர ஒரு வார்த்த கேட்டியா நீ? என்கிட்ட வந்து கத்தறே!"

"சம்பந்தி வரதாச்சாரிக்கு நான் என்னய்யா பதில் சொல்றது? கிளட்ச் இல்லாத கார்ல என் பிள்ளைக்கு ஜானவாசம்னு கும்பகோணம் வரைக்கும் தம்பட்டம் அடிச்சுட்டார். கார் வரலேன்னா கல்யாணமே வேண்டாம்னு மூட்டை கட்டிடுவேங்கறார். என் பொண்ணு நாளைக்கு மணையில உக்காரணும்யா!"

பவுல்சாமி சாக்கைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான்.

"ஊர்வலம் எம்மா வேகம் போவும்?"

"மேளக்காரன் நடக்கற வேகம்தான்."

"அப்ப மூணாவது கியருக்கே வேலயில்ல! எங்கேர்ந்து எத்தப் போவுது? நானே ஓட்டியாறேன். கூட்டம் மேல உழாம பாத்துக்க, நம்ம குப்பத்து ஆளுங்களையும் இட்டாறேன். போய் பொண்ணைப் பாரு சாமி."

மாலையில் கேசவப் பெருமாள் கோயில் வாசலில், ரோஜா மாலையும் தோரணமுமாகக் கார் தயாராக நின்றது. தலைப்பாகை கட்டிய பவுல்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வீற்றிருந்தான்.

ராமானுஜம் அடிக்குரலில் கேட்டார். "எத்துமா?"

"எத்தாது."

"சத்தம்?"

"கியர்லேர்ந்து ஒரு முனகல் வந்துச்சுன்னா என் காத அறுத்துக்க."

"எண்ணெய் ஒழுகித்தே?"

"குனிஞ்சி பாரு."

குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது.

நாதஸ்வரம் முன்னே செல்ல, குப்பத்து ஆட்கள் காரின் பின்புறம் கைவைத்தபடி காவலாக வர, கார் தேர் மாதிரி அசைந்து மாட வீதிக்குள் நுழைந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரதாச்சாரி வழியெல்லாம் குறை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அதற்கே அவருக்குக் கோபம் வந்தது.

"என்னய்யா இது, இஞ்ஜின் ஓடற சத்தமே கேக்கலையே!"

"ஒசந்த வண்டி அப்படித்தான் சாமி."

சத்திர வாசலில் ஊர்வலம் நின்றதும் சமையற்காரர் ராமானுஜத்திடம் குதித்தார். "காவலுக்கு வந்த குப்பத்து ஆட்கள் ஒரு அண்டா பானகத்தையும் குடிச்சுத் தீர்த்துட்டா! சம்பந்தியாத்துக்காராளுக்கு நான் எதைக் குடுப்பேன்?"

ஆனால் சம்பந்தி இறங்கினால்தானே! "டிரைவர், அப்படியே அடையாறு வரைக்கும் ஒரு சுத்து விடு. என் மச்சினன் கண்ணுல இதைக் காட்டணும்."

பவுல்சாமிக்கு ரத்தம் கொதித்தது. "இன்னா சாமி, அடுக்குமா இது? ஊர்வலத்துக்குத்தான் பேச்சு! அடையாறு பாலம் எம்மா ஏத்தம் தெரியுமா? ஆளுங்க இன்னாத்துக்கு ஆவாங்க?"

"கார் பாலம் ஏறினா ஆளுங்களுக்கு என்னய்யா வந்தது?" என்று கத்தினார் வரதாச்சாரி.

"நிச்சயதார்த்தத்துக்கு நாழியாறது, வாங்கோ!" என்று ராமானுஜம் சம்பந்தியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். தாம்பூலத் தட்டு மாறியது. பெண் பிழைத்தாள்.

அந்த நேரத்தில் அந்தக் காரின் கியர்பாக்ஸ், ராயப்பேட்டை ஷெட்டில் மண்ணெண்ணெய்த் தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்தது.