கட்டம் இல்லாத வேலை

சுகாதார நிலையத்துச் சுவரில் கைரேகை இயந்திரம் பச்சையாக மினுங்குகிறது. அதன் கீழே பெஞ்சில் கிராம நர்ஸ் உட்கார்ந்திருக்கிறாள்; பக்கத்தில், ஜன்னல் வெயிலில் தூசி படிந்த மருந்துப் பை. காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் இங்கே விரல் வைத்தால்தான் ஊக்கத்தொகை. தவறினால் சம்பளத்திலேயே கை வைக்கிறார்கள். மலையடிவாரக் குடியிருப்புக்குப் போனாலோ நாலுக்குள் திரும்ப பஸ் கிடையாது. இயந்திரத்தால் பலன் உண்டா என்று மதிப்பிட வந்த அதிகாரி டேப்லெட்டைத் தடவிச் சிரிக்கிறார். "அசத்திட்டீங்க சிஸ்டர்! ரெண்டு மாசமா ஒரு நாள்கூட தப்பல. முன்னாடி பாதி நாள் ஆளையே காணோமே?" "அப்போ வீடு வீடாப் போய்ட்டிருந்தேன் சார். அடிவாரத்துல ஒரு பொண்ணு, எட்டு மாசக் கர்ப்பம். முகமெல்லாம் வீங்கிருச்சாம், கண்ணு மங்குதாம். நான் போகலேன்னா அதுக்கு யாருமில்ல. இதையும் எழுதிக்குங்களேன்." அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறார். "இதுல அதுக்குக் கட்டமே இல்லையே சிஸ்டர்." வாசலில் அடிவாரத்துப் பஸ் வந்து உறுமுகிறது. அவள் பாதி எழுந்து, அப்படியே நிற்கிறாள். இயந்திரம் வந்த முதல் வாரமெல்லாம் "வர்றீங்களா?" என்று குரல் கொடுத்த கண்டக்டர், இப்போது இந்தப் பக்கம் திரும்பாமலேயே விசில் ஊதுகிறார்.