கடல் எடுக்கும் முன்

“இன்னும் எத்தனை நாள்தான் என் நிலத்தைக் குடைஞ்சுக்கிட்டு இருப்பீங்க?”

குழியின் விளிம்பில் ஊன்றுகோலோடு நின்று கேட்டாள் தோரா. அவள் பின்னாலேயே வந்த நாலைந்து ஆடுகளும் எட்டிப் பார்த்தன.

மண்டியிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த மார்வென் நிமிர்ந்தாள். “இன்னும் ஒன்பது நாள்மா. போன குளிர்காலப் புயல்ல கரை பாதி இடிஞ்சு போச்சு. இந்தத் தடவை மிச்சத்தையும் கடல் கொண்டுபோயிடும். அதுக்குள்ள முடிச்சாகணும்.”

“முடிங்க. சீக்கிரம் முடிங்க.”

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னியின் அந்தச் சின்னத் தீவில் உயிரோடு இருந்தவர்கள் இருநூறு பேர்தான். ஐயாயிரம் வருடப் பழைய கல்லறைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றை அகழாய்வு செய்ய எடின்பரோவிலிருந்து வந்திருந்த மார்வெனுக்கு நிலத்துக்காரர்களின் முணுமுணுப்பு பழகிப்போன விஷயம்.

ஆனால் தோரா தினமும் வந்தாள். மழையிலும் வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் மேட்டு வீட்டில் தனியாக இருப்பவள், எழுபது வயது. பார்லி ரொட்டியும் சூடான சூப்பும் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்த பிறகும் போகமாட்டாள். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, வெளியே வரும் ஒவ்வொரு வாளி மண்ணையும் வெறித்துக்கொண்டிருப்பாள்.

“தங்கம் கிடைச்சா நாம அமுக்கிடுவோம்னு பயம்,” என்று மார்வெனிடம் முணுமுணுத்தான் டூகல். கூடவே இருபது வருடமாகத் தோண்டும் தாடிக்காரன். பிறகு உரக்கச் சொன்னான்: “பெரியம்மா, இதுக்குள்ள தங்கமெல்லாம் இல்ல. எலும்பும் கிளிஞ்சலும்தான்.”

“தங்கத்தை வச்சு நான் என்ன பண்ண? மாலை போட்டுக்கிட்டு ஆடு மேய்க்கவா?” தோரா ஊன்றுகோலை நீட்டினாள். “கிழக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குப் போயாச்சா?”

“இதுல மொத்தமே மூணு அறை. மூணும் மேற்கால இருக்கு. கிழக்கால வெறும் சுவர்தான்,” என்றாள் மார்வென்.

தோரா அந்தச் சுவரையே பார்த்தாள். ரொட்டித் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் கிழக்குச் சுவரில் ஒரு கல் ஆடியது. உருவிப் பார்த்தால் உள்ளே இருட்டு. ஓர் ஆட்டுக்குட்டி படுக்கிற அளவுக்கு ஓர் அறை.

“பெரியம்மாவோட வாய் முகூர்த்தம்,” என்று சிரித்தான் டூகல்.

தோரா எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மார்வென் விளக்கோடு குப்புறப் படுத்து, மென்தூரிகையால் இரண்டு மணி நேரம் மண்ணைத் தள்ளினாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் புழுதி. கண் மட்டும் மின்னியது.

“குழந்தை, டூகல். அப்பத்தான் பிறந்த குழந்தை. ஒரு எலும்புகூடக் கலையல. தலையைச் சுத்தி வெள்ளைக் கூழாங்கல்லா வச்சிருக்காங்க.”

“அடுக்கியா வச்சிருக்கு?” தோரா விளிம்புக்கு வந்து குனிந்தாள். “தூக்கிப் போடலியே?”

“இல்லம்மா. பாத்துப் பாத்து வச்சிருக்காங்க.”

தோரா கல்லின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

வயதானவர்கள் இளகிப்போவது மார்வென் பார்த்ததுதான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆறுதலாக அவள் முதுகைத் தடவினாள். “நெனச்சுப் பாருங்க. அஞ்சாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதைப் பெத்தவ இதே இடத்துல நின்னு அழுதிருப்பா.”

“நின்னிருக்க மாட்டா. நிக்க விட்டிருக்க மாட்டாங்க.”

மார்வெனுக்கு அது புரியவில்லை. அட்டைப் பெட்டியைப் பிரித்து, மேலே ஒட்டவேண்டிய சீட்டை எழுத ஆரம்பித்தாள்.

“ரெண்டு எலும்பை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். எவ்வளவு பழசுன்னு ரெண்டு மாசத்துல சொல்லிடுவாங்க. இப்பல்லாம் ஆணா பொண்ணான்னுகூடக் கண்டுபிடிக்கலாம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். இங்க பாருங்க, வயசுன்னு போட்ட இடத்துல ஐயாயிரம்னு எழுதிக் கேள்விக்குறி போட்டுடறேன்...”

தோராவின் கை நீண்டு பேனாவைப் பிடித்தது. குளிரில் வெடித்த விரல்கள் அதை விடவில்லை.

“அதை எழுதாதம்மா. வர்ற மார்ச்சு வந்தா ஐம்பத்து மூணு.”

டூகல் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். மார்வென் கையிலிருந்த சீட்டைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது; யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை.

“எனக்கு அப்பப் பதினேழு. மூச்சு இல்லாமத்தான் பொறந்துச்சுன்னாங்க. எங்கப்பா துணியில சுத்தி, கண்ணுல காட்டாமயே தூக்கிட்டுப் போயிட்டாரு. சாகுறப்பத்தான் இடத்தைச் சொன்னாரு. அதுக்குள்ள கல்லறையோட கூரை இடிஞ்சு மூடிடுச்சு.”

அவள் மார்வெனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“ஆணா பொண்ணான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா.”