நான்கு அங்குலம்

ஊரில் எந்தச் செல்பேசி அலைக்கோபுரம் எழுந்தாலும், அதன் அலை மின்சக்கர நாற்காலிகளை அசைக்கிறதா என்று ஞானசெல்வி தன் நாற்காலியில் அதனடியில் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் அவளுக்கு அரசாங்க வேலை.

தூத்துக்குடி ரயில் நிலையச் சரிவுப்பாதையில் அன்று மூன்று முறை சோதித்தாயிற்று. கோபுரத்தை இயக்கிய ஒவ்வொரு முறையும், யாரும் தொடாமலே நாற்காலி நான்கு அங்குலம் முன்னே நகர்ந்து நின்றது. சரிவு முடிகிற இடத்தில் லாரிகள் பறக்கும் சாலை.

“நாலு அங்குலந்தானக்கா, கையெழுத்து போட்டுருங்க,” என்றான் கோபுரத்தை நிறுவிய பொறியாளன் இசக்கிதுரை.

அவள் கோபப்படவில்லை. பக்கத்துப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். “ஒரு தடவ நீங்க உக்காந்து பாருங்க தம்பி.”

கோபுரம் வைத்தவரை நாற்காலியில் உட்காரவைக்காமல் அவள் மறுப்பு எழுதுவதில்லை. இசக்கிதுரை சிரித்துக்கொண்டே ஏறினான். கோபுரத்தை இயக்கும் ரிமோட்டை அவள் கையில் எடுத்தாள். கீழே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் கை தானாகப் பிரேக்கை இறுக்கிப் பிடித்தது.

“அமுக்காதீங்கக்கா!” என்று அலறிவிட்டான். அவள் இன்னும் அமுக்கியிருக்கவே இல்லை.

“கோபுரத்த நாளைக்கே தள்ளி வைக்கேன்,” என்றபடி இறங்கியவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று முறையும் அவள் கைகள் மடியில்தான் கிடந்தன.

“நீங்க ஏன்க்கா பிரேக்கப் பிடிக்கல?”

“பிடிச்சா அளவு தப்பா வரும்லா தம்பி.”