ஈட்டிக் கயிறு

உறைந்த கடலின் மேல் வெயில் கண் கூசுகிறது. பனிவண்டியின் எஞ்சின் மூடியைத் திறந்துபோட்டு ஊலாயு மண்டியிட்டிருக்கிறாள். இழுத்துக் கிளப்பும் கயிறு அறுந்துவிட்டது. அதை உள்ளே சுருட்டும் எஃகுச் சுருளும் துள்ளி வந்து பனியில் கிடக்கிறது. எங்களுக்கும் கரைக்கும் நடுவே ஒரு விரிசல். சற்றுமுன் ஒரு முழம், இப்போது இரண்டு. அவள் என் மகள்தான். ஆனால் என் அப்பா இறந்த அதே மாதத்தில் பிறந்து அவர் பெயரைச் சுமப்பவள். அதனால் எங்கள் வழக்கப்படி எனக்கு அவள் அப்பா, அவளுக்கு நான் மகன்.

“அப்பா, விரிசல் பெருசாவுது.”

“தெரியுது மவனே. ஒன் ஈட்டிக் கயித்தக் குடு.”

“அதை வெட்டிட்டா வேட்டைக்கு?”

“கரைக்குப் போனாத்தான் வேட்டை. குடு!”

கடல்நாய்த் தோலில் வார்ந்த கயிறு. தேவையான நீளம் அறுத்துக்கொண்டு கையுறையைக் கழற்றுகிறாள். வெறும் விரல்களுக்குள் எஃகு அதிர்ந்து அதிர்ந்து, வட்டத்துக்குள் வட்டமாக அடங்குகிறது. கண் அதில் இல்லை, விரிசலில் இருக்கிறது. கயிற்றை அதில் முடிச்சிடும்போது நாக்கின் நுனி இடது கடைவாயில் துருத்தி நிற்கிறது. முடிச்சுப் போடும்போதெல்லாம் இறந்துபோன என் அப்பாவுக்கும் அப்படித்தான் நிற்கும். அவரை இவள் பார்த்ததே இல்லை.

மூன்றாவது இழுப்பில் வண்டி உறுமுகிறது.

“ஏறு மவனே. கெட்டியாப் புடிச்சுக்க. வேகமாத் தாண்டணும்.”

ஐம்பத்தெட்டு வயது எனக்கு. ஆறு வயதில் நாய்வண்டியில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து செய்த மாதிரியே, அந்த முதுகில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.